நியூசிலாந்து தென் தீவு, ஐந்து பேர், டிசம்பர்: அறைகளை எப்போது பதிவு செய்வது?

காவிரிக்கரை (சிங்கப்பூர்) – ஜூன்

அனைவருக்கும் வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தின் தென் தீவைக் காரில் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் மாமியார் என்று ஐந்து பேர். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. டிசம்பர் 18 வாக்கில் கிளம்பிப் புத்தாண்டையொட்டித் திரும்பலாம் என்று நினைக்கிறோம்.

வழி: கிறைஸ்ட்சர்ச், டெக்கபோ, மவுண்ட் குக், குவீன்ஸ்டவுன், தே அனாவ் (அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட்), வானாகா, ஃபிரான்ஸ் ஜோசஃப், பிறகு ஆர்தர்ஸ் பாஸ் வழியாக மீண்டும் கிறைஸ்ட்சர்ச்.

வீட்டில் இதை வைத்து ஒரு பஞ்சாயத்தே நடக்கிறது. எல்லா இரவுகளையும் இப்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்கிறார் கணவர். முதல் இரவும் கடைசி இரவும் போதும், நடுவில் மழை வந்தாலோ அத்தைக்குக் களைப்பாக இருந்தாலோ எங்கேயாவது நின்றுகொள்ளலாம் என்பது என் கட்சி. நாங்கள் நால்வரும் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்கள். அத்தை இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், அவருக்கு விசா வாங்க வேண்டும். போய்வந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி (மெல்போர்ன்)

சகோதரி, உங்கள் கட்சிதான் என் கட்சியும். நியூசிலாந்து சாலையோரத்தில் மோட்டல் இல்லாத ஊரே கிடையாது. வாசலில் 'இடம் உண்டு' என்று பலகை எரியும், உள்ளே போய்ச் சாவி வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்குப் பெயர் விடுமுறையா? மழை எங்கே பெய்கிறது என்று பார்த்து எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பும் சுகம் வேறு எதிலும் கிடையாது.

தென்தீவுக்காரன் (கிறைஸ்ட்சர்ச்)

ஊர்சுற்றி எப்போதுமே இப்படித்தான் எழுதுவார். அவர் போவது மே மாதத்தில், மனைவியுடன், இரண்டே பேராக. அந்தக் கணக்கில் அவர் சொல்வது முழுக்க உண்மை. டிசம்பர் 18, ஐந்து பேர் என்னும்போது அது வேறு கணக்கு.

இங்கே பள்ளிகள் டிசம்பர் 20-ஐ ஒட்டி மூடினால் ஜனவரி கடைசியில்தான் திறக்கும். கிறிஸ்துமஸ், அதற்கு அடுத்த நாள், ஜனவரி 1, ஜனவரி 2 ஆகிய நான்குமே அரசு விடுமுறை. நாட்டில் பாதிப் பேர் அந்த இரண்டு வாரத்தில் ஏரிக்கரைகளில்தான் இருப்பார்கள். வானாகாவில் அடுத்த ஆண்டுக்கான இடத்தை இந்த ஆண்டே சொல்லிவைத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு. குறைந்தது மூன்று இரவு, ஐந்து இரவு என்று நிபந்தனை போடும் விடுதிகளும் உண்டு. ஓரிரவு மட்டும் தங்கப் போகிறவருக்கு அந்த வாசல் மூடியதுதான்.

எத்தனை மாதம் முன்பு என்று கேட்பதைவிட, எந்த ஊரை முதலில் என்று கேட்பதுதான் பயன் தரும். ஊருக்கு ஊர் கதை மாறும்.

மவுண்ட் குக் கிராமம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நினைத்தபோது புதிதாக ஒரு விடுதி கட்ட முடியாத இடம். இருப்பவற்றை விரல்விட்டு எண்ணலாம். அங்கே நிரம்பிவிட்டால் அடுத்த ஊர் ட்வைசல், 65 கிலோமீட்டர். மில்ஃபோர்ட் சவுண்டில் இரவு தங்க இருப்பது ஒரே ஒரு விடுதி. அதனால்தான் எல்லோரும் தே அனாவில் வந்து குவிகிறார்கள். அங்கிருந்து மில்ஃபோர்டுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர், நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. டெக்கபோ அழகான ஊர், ஆனால் சின்ன ஊர். ஃபிரான்ஸ் ஜோசஃபும் அப்படித்தான். தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஃபாக்ஸ் கிளேசியர், அதையும் விட்டால் ஹாஸ்ட் வரை காடும் கடலும்தான்.

குவீன்ஸ்டவுன், கிறைஸ்ட்சர்ச் இரண்டும் பெரிய ஊர்கள். விலை ஏறும், ஆனால் படுக்க இடம் கிடைக்கும். கிறைஸ்ட்சர்ச்சில் மட்டும் ஒன்று பாருங்கள்: ஹாக்லி ஓவலில் டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும் வாரமாக இருந்தால் முந்திக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் மவுண்ட் குக், அடுத்து தே அனாவ், டெக்கபோ, ஃபிரான்ஸ் ஜோசஃப், பிறகு வானாகா. குவீன்ஸ்டவுனும் கிறைஸ்ட்சர்ச்சும் கடைசி. பயண வரிசையில் பதிவு செய்துகொண்டு வராதீர்கள். முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்து, ஆறாம் நாளில் மவுண்ட் குக்கில் இடம் இல்லை என்று தெரிந்து, முன்னால் போட்ட ஐந்தையும் கலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரவுசெலவு (கோவை)

அண்ணன் சொன்ன 'ஐந்து பேர்' என்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன். அறை தீர்ந்துபோவதில்லை; ஐந்து பேர் படுக்கும் அறைதான் தீர்ந்துபோகிறது. ஒரு மோட்டலில் பெரும்பாலானவை இருவருக்கான ஸ்டுடியோ அறைகள். இரண்டு படுக்கையறை கொண்ட யூனிட் ஒன்றிரண்டுதான் இருக்கும். கோடையில் முதலில் போவது அவைதான், ஏனென்றால் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் அதுவேதான் வேண்டும். ஊரில் இருபது இடம் காலி என்று பதிவுத் தளம் காட்டும். ஐந்து பேர் என்று மாற்றித் தேடினால் மூன்றாகச் சுருங்கும்.

தேடும்போது பிள்ளைகளின் வயதையும் சேர்த்தே போடுங்கள். அங்கே பல மோட்டல்களிலும் ஹாலிடே பார்க்குகளிலும் (கூடாரம், கேரவன், சிறு கேபின் எல்லாம் உள்ள தங்கும் வளாகங்கள்) விலை இருவருக்கானது. அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கூட்டுவார்கள். இரண்டு பேர் என்று போட்டு விலையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, போய் இறங்கியதும் ஐவராக நிற்பது நல்லதல்ல. படுக்கை எண்ணிக்கையில் அவர்கள் கண்டிப்பானவர்கள்.

இரண்டு ஸ்டுடியோ அறைகள் எடுப்பது சில ஊர்களில் மலிவாகக்கூட இருக்கும். ஆனால் அடுத்தடுத்த அறை என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பாட்டியும் பேத்தியும் கட்டடத்தின் அந்தக் கோடியில் இருப்பார்கள்.

ஊர்சுற்றி

ஐந்து பேர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேற்குக் கரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஃபிரான்ஸ் ஜோசஃப் பக்கம் மழை பெய்தால் அது மழை இல்லை, வானம் இடிந்து விழுவது. 2019 மார்ச்சில் அந்த ஊருக்குப் பக்கத்து வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டித் திறக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் நிலச்சரிவால் மேற்குக் கரைச் சாலை பல நாள் அடைபட்டது. கிழக்கே ரங்கிடாட்டா ஆறு பெருகி முதலாம் எண் நெடுஞ்சாலையையும் மறித்தது. அடுத்த பிப்ரவரியில் மில்ஃபோர்ட் சாலை. ஆறு மாதத்துக்கு முன்பே பணம் கட்டிவைத்தவர்கள் அப்போது என்ன செய்திருப்பார்கள்?

வரவுசெலவு

நல்ல கேள்வி. அதனால்தான் எப்போது பதிவு செய்தீர்கள் என்பதைவிட எதுவரை ரத்து செய்யலாம் என்பது முக்கியம். சீக்கிரம் பதிவு செய்வதும் பணம் கட்டிச் சிக்கிக்கொள்வதும் ஒன்றல்ல. ஒரே அறைக்கு இரண்டு விலை இருக்கும்: திரும்பப் பெற முடியாதது ஒன்று, ரத்து செய்யக்கூடியது ஒன்று. சில டாலர் மிச்சம் என்று முதலாவதை எடுப்பது, விசா வராத பயணி ஒருவர் கூட இருக்கும்போது, எனக்குச் சரியாகப் படவில்லை.

ரத்து விதிகளை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். சாதாரண நாளில் முந்தின நாள்வரை விட்டுவிடும் மோட்டல், கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மட்டும் 14 நாள், 30 நாள் என்று கேட்கும். அதே மோட்டல், வேறு விதி. விடுமுறை வீடுகள் இன்னும் கடுமை. அதோடு சுத்தம் செய்யும் கட்டணம் தனி. ஓரிரவுக்கு அந்த வீடுகள் கட்டுப்படியாகாது, குவீன்ஸ்டவுனில் மூன்று இரவு தங்குவதானால் பாருங்கள்.

இன்னொன்று. கெடு நியூசிலாந்து நேரப்படி. டிசம்பரில் சிங்கப்பூரைவிட அங்கே ஐந்து மணி நேரம் முன்னால். அங்கே நள்ளிரவு என்றால் உங்களுக்கு இரவு 7 மணி. சாப்பிட்டுவிட்டு ரத்து செய்யலாம் என்று உட்கார்ந்தால் கெடு போயிருக்கும்.

வெண்பனி (டொராண்டோ)

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். நாங்கள் கோடையில் ஐஸ்லாந்து வட்டச் சாலையில் போகப் போகிறோம். அங்கும் இதே வரிசைதானா?

தென்தீவுக்காரன்

தலைநகர் ரெய்க்யவிக் கடைசி, தென்கிழக்கில் பனியாற்று ஏரிப் பக்கமும் கிழக்குக் கரையும் முதலில். அங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடைவெளி இன்னும் அதிகம். தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.

மெச்சிய மருமகள் (சென்னை)

எல்லோரும் படுக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள், அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமியார் சைவமா, சகோதரி?

காவிரிக்கரை

சுத்த சைவம். வெங்காயம் பூண்டுக்குத் தடை இல்லை, அதுவரை பிழைத்தேன்.

மெச்சிய மருமகள்

அப்படியானால் சமையல் வசதி உள்ள யூனிட் மட்டும் தேடுங்கள். இது நியூசிலாந்தில் சுலபம்; பெரும்பாலான மோட்டல்களில் அடுப்போ மின்சாரத் தட்டோ, குளிர்பெட்டியோடும் பாத்திரங்களோடும் இருக்கும். ஆனால் 'சமையலறை' என்று போட்டுவிட்டு மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டும் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. படத்தில் அடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள். ஹாலிடே பார்க் கேபின்களில் பொதுச் சமையலறை, சிலவற்றில் கழிப்பறையும் வெளியே. நள்ளிரவில் அத்தையைக் குளிரில் நடக்கவைக்க வேண்டாம். குளியலறை உள்ளேயே இருக்கும் கேபின் கிடைக்கிறதா பாருங்கள்.

மவுண்ட் குக் கிராமத்தில் மளிகைக்கடை கிடையாது. டெக்கபோவிலோ ட்வைசலிலோ அரிசி, பால், தயிர், காய்கறி வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். சின்ன ஊர்களில் உணவகச் சமையலறையை இரவு எட்டரைக்குள் மூடிவிடுகிறார்கள். வெளியே ஒன்பது மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போனதே தெரியாது. கிறிஸ்துமஸ் அன்று சட்டப்படி பெரும்பாலான கடைகள் திறக்காது; அந்த இரவு அடுப்புள்ள இடத்தில் இருங்கள், முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

அத்தை தஞ்சாவூரிலிருந்து கட்டிக்கொண்டு வரும் பையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் எதுவும் வேண்டாம். பொடி, ஊறுகாய், அப்பளம் எதுவானாலும் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். எலுமிச்சை ஊறுகாய்க்கு அது கொஞ்சம் அதிகம்.

காவிரிக்கரை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. கணவர் இந்த இழையைப் படித்துவிட்டு வெற்றிச் சிரிப்போடு நடமாடுகிறார். தென்தீவுக்கார அண்ணா, சின்ன ஊர்களை முதலில் என்பது புரிந்தது. ஆனால் டிசம்பர் 18-லிருந்து தேடிப் பார்த்தேன். மவுண்ட் குக்கில் ஐவருக்கு ஒன்றுமே இல்லை, வானாகாவில் நான்கு இரவு கேட்கிறார்கள். ஜூன் மாதமே தாமதம் என்றால் எப்போதுதான் தொடங்குவது?

தென்தீவுக்காரன்

அந்த வாரத்துக்கு என்றால் பத்து மாதம், ஓராண்டு முன்பே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் ஏன் அந்த வாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சிங்கப்பூரில் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே பள்ளி விடுமுறை தொடங்கிவிடுகிறதே? நவம்பர் கடைசியில் வந்து டிசம்பர் பத்துக்குள் திரும்பிவிடுங்கள். இங்கே பிள்ளைகள் இன்னும் பள்ளியில் இருப்பார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் கிளம்பியிருக்காது. பகல் நீளம் கிட்டத்தட்ட அதேதான். டெக்கபோ ஏரிக்கரையில் லூப்பின் பூக்கள் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை; கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வாடிய தண்டுதான். (அவை இங்கே களைச்செடி என்பதைப் படம் எடுக்கிறவர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.)

தேதியை மூன்று வாரம் நகர்த்தினால் 'எப்போது பதிவு செய்வது' என்ற கேள்வியின் கூர்மையே போய்விடும். சின்ன ஊர்களுக்கு ஐந்தாறு மாதம் முன்பு, மற்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு என்று நிம்மதியாகச் செய்யலாம்.

ஊர்சுற்றி

இதற்கு நானும் கைதட்டுகிறேன். அந்தத் தேதிகளில் ஓரிரண்டு இரவைத் திறந்தே விட்டுவைக்கவும் முடியும். அந்த உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு தந்திரமும் சொல்கிறேன், பதிவு செய்யும் கட்சிக்கும் உதவும். இப்போது இடம் இல்லாத ஊரைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரே இரவுக்கு இரண்டு மூன்று இடங்களைப் பிடித்துவைத்திருக்கும் ஆட்கள் ரத்துக் கெடு நெருங்கும்போதுதான் விடுவிப்பார்கள். கெடு ஏழு நாள் என்றால் எட்டாம் நாள், பதினான்கு என்றால் பதினைந்தாம் நாள் தேடிப் பாருங்கள். மோட்டலுக்கு நேராகத் தொலைபேசியில் பேசுங்கள்; தளத்தில் காட்டாத யூனிட் சில சமயம் அவர்கள் கையில் இருக்கும், மடக்குக் கட்டில் ஒன்று போட்டுத் தரவும் சம்மதிப்பார்கள்.

வரவுசெலவு

சொன்னது சரி, ஆனால் நீங்களும் இரண்டு மூன்று பிடித்துவைக்கும் ஆளாகிவிடாதீர்கள். பத்து அறை உள்ள குடும்ப மோட்டலுக்கு அது பெரிய அடி.

விசா விஷயமும் ஒன்று. அத்தைக்கு விண்ணப்பிக்கும்போது நாளுக்கு நாள் எங்கே தங்குகிறீர்கள் என்ற பட்டியல் கையில் இருந்தால் விண்ணப்பம் தெளிவாக இருக்கும். ரத்து செய்யக்கூடிய பதிவுகள் அதற்கும் உதவும். உங்கள் நால்வருக்கும் விசா வேண்டாம், மின்னணுப் பயண அனுமதி போதும். ஆனால் அதை வாங்காமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வாடகைக் காரையும் இப்போதே பிடியுங்கள். ஐந்து பேரும் ஐந்து பெட்டியும் ஏறும் வண்டி என்றால் அதுவும் இரண்டு படுக்கையறை யூனிட் கதைதான்.

தென்தீவுக்காரன்

முதல் இரவைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரிலிருந்து நேராக வரும் விமானம் இரவெல்லாம் பறந்து காலையில் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கும். அன்றே டெக்கபோ போய்விடலாம், 230 கிலோமீட்டர்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூங்காத கண்ணோடு, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் உள்ள சாலையில், வண்டியில் மூன்று தலைமுறையை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். இடதுபக்கம் ஓட்டுவது உங்களுக்குப் பழக்கம்தான். ஆபத்து தூக்கத்தில் இருக்கிறது. முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே. சீக்கிரம் உள்ளே விடும் விடுதியா என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பல மோட்டல்களில் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான்.

காவிரிக்கரை – ஆகஸ்ட்

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். தேதியை நவம்பர் 25-க்கு மாற்றிவிட்டோம். டிக்கெட்டும் விலை குறைந்தது. அத்தைக்கு விசா வந்துவிட்டது.

மவுண்ட் குக் கிராமத்தில் ஐவருக்கு இன்னும் கிடைக்கவில்லை; அதனால் ட்வைசலில் இரண்டு படுக்கையறை யூனிட், இரண்டு இரவு. காலையில் கிளம்பி மவுண்ட் குக் பக்கத்து ஹூக்கர் பள்ளத்தாக்கு வரை போய்விட்டு மாலையில் திரும்புவதாகத் திட்டம். தே அனாவில் இரண்டு இரவு, தரைத்தளம், அடுப்பு உண்டு. ஃபிரான்ஸ் ஜோசஃபில் இரண்டு நாள் முன்புவரை ரத்து செய்யலாம். டெக்கபோவும் முடிந்தது. குவீன்ஸ்டவுனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறோம். வானாகாவை மட்டும் வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறேன். அது ஊர்சுற்றி கட்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த ஒரு தொகுதி. கணவருக்கு அந்த ஓர் இரவை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

ஊர்சுற்றி

வாழ்க ஜனநாயகம்.

தென்தீவுக்காரன்

நவம்பர் கடைசியில் வானாகாவில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 15 கிலோமீட்டரில் ஹாவேயா, தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் குரோம்வெல். வடக்கே மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹாஸ்ட் 140 கிலோமீட்டர். அன்று மதியம் இரண்டு மணிக்குள் யாரையாவது தொலைபேசியில் பிடித்துவிடுங்கள். வரவேற்பறையை எட்டு மணிக்கு மூடும் இடமாக இருந்தால் சாவியை எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள்.

ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதையில் தொங்குபாலம் உண்டு. எது திறந்திருக்கிறது, எதுவரை போகலாம் என்று இயற்கைப் பாதுகாப்புத் துறையின் (DOC) தளத்தில் முந்தின நாள் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

காவிரிக்கரை

சரி அண்ணா. கடைசியாக ஒன்று: மகனுக்குப் பயணத்தின் நடுவில், டிசம்பர் 2 அன்று, ஏழு வயது நிறைகிறது. காரில் குழந்தை இருக்கைக்கு நாளுக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். பாதிப் பயணத்துக்கு மட்டும் எடுக்கலாமா?

தென்தீவுக்காரன்

ஏழு நிறையும் வரை கட்டாயம். ஏழு வயதுப் பிள்ளை, வண்டியில் இருக்கை இருந்தால் அதில்தான் உட்கார வேண்டும் என்பது இங்கே சட்டம். பிறந்தநாள் அன்று இருக்கையைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கமாட்டீர்கள், நடுவழியில் இருப்பீர்கள். ஆகவே கடைசி நாள் வரை எடுங்கள். கேக்கையும் முந்தின ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.